ஒரு புரதத்தின் மடிப்பில் பிறக்கும் ஹார்மோன்

தைராய்டு ஹார்மோன் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இரண்டு சிறு மூலக்கூறுகளை. ஒன்று, நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட தைராக்சின். மற்றொன்று, மூன்று அயோடின் அணுக்கள் கொண்ட டிரைஅயோடோதைரோனின். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் டி4, டி3 என்று அச்சாகி வருபவை இவையே. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், உடல் எவ்வளவு வெப்பம் உண்டாக்க வேண்டும், கருவில் வளரும் மூளையின் நரம்புச் செல்கள் எப்போது எங்கே சென்று சேர வேண்டும் என்பதிலெல்லாம் இவற்றுக்குப் பங்கு உண்டு. முதுகெலும்புள்ள எந்த உயிரினமும் இவை இல்லாமல் முறையாக வளர்வதில்லை. தவளையின் தலைப்பிரட்டை வாலை இழந்து கால் முளைத்துக் கரையேறுவதும் இதே ஹார்மோனின் ஆணையால்தான்.

வேதியியல் கண்ணோடு பார்த்தால் தைராக்சின் எளிமையானது. நம் உணவில் சாதாரணமாகக் கிடைக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலம் இரண்டு. அவற்றின் வளையங்களை இணைக்கும் ஓர் ஆக்சிஜன் அணு. வளையங்களின் ஓரத்தில் நான்கு அயோடின் அணுக்கள். மொத்த எடை 777 டால்டன். அந்த எடையில் 65 விழுக்காடு அயோடினுடையது. தைராய்டு ஹார்மோன்களைத் தவிர மனித உடல் தயாரிக்கும் வேறெந்த ஹார்மோனுக்கும் அயோடின் தேவையில்லை.

அட்ரினலின் என்ற ஹார்மோனும் டைரோசினிலிருந்துதான் பிறக்கிறது. அங்கே செல்லுக்குள் தனியாக மிதக்கும் டைரோசினை எடுத்துச் சில நொதிகள் அடுத்தடுத்து மாற்ற, வேலை முடிந்துவிடுகிறது. தைராய்டின் வழி வேறு. அது முதலில் மனித உடலின் மிகப் பெரிய புரதங்களில் ஒன்றைக் கட்டி எழுப்புகிறது. அந்தப் புரதத்துக்குள் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் ஹார்மோனை உருவாக்குகிறது. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் அப்படியே வைத்திருக்கிறது. பிறகு முழுப் புரதத்தையும் செரித்து அழித்து, உள்ளிருந்த ஒரு சில ஹார்மோன்களை மட்டும் இரத்தத்தில் விடுகிறது. புரதத்தின் பெயர் தைரோகுளோபுலின். அதன் எடை ஏறத்தாழ 6,60,000 டால்டன். அதிலிருந்து வழக்கமாகக் கிடைக்கும் தைராக்சின் மூன்று நான்கு மூலக்கூறுகள், அதாவது மொத்த எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு.

இவ்வளவு பெரிய கட்டுமானம் எதற்கு என்ற கேள்வி பல பத்தாண்டுகள் உயிர்வேதியியலாளர்களைத் துரத்தியது. புரதத்தின் முப்பரிமாண வடிவம் 2020இல் வெளியானபோதுதான் அதற்குத் தெளிவான விடை கிடைத்தது.

அயோடின் தேடிய நூற்றாண்டு

பிரான்சில் கடற்பாசிச் சாம்பலிலிருந்து பெர்னார் கூர்த்துவா அயோடினைக் கண்டெடுத்தது 1811இல். அந்தத் தனிமம் தைராய்டு சுரப்பிக்குள் இருக்கிறது என்பதை ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பவுமான் 1895இல் கண்டார். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் எட்வர்ட் கெண்டல் 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தார். அதன் சரியான வேதியமைப்பை சார்ல்ஸ் ஹாரிங்டன் 1926இல் நிறுவினார். அடுத்த ஆண்டே ஜார்ஜ் பார்ஜருடன் சேர்ந்து ஆய்வகத்தில் அதைத் தயாரித்தும் காட்டினார். டி3 இன்னும் கால் நூற்றாண்டு காத்திருந்து, 1952இல் ஜாக் கிராஸ், ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ் இருவரின் கையில் அகப்பட்டது.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒரு சோதனை உண்டு. 1939இல் லுட்விக், ஃபொன் முட்சன்பெகர் என்ற இரு ஆய்வாளர்கள் பாலில் உள்ள கேசின் புரதத்தில் அயோடினை ஏற்றினார்கள். அதிலும் கொஞ்சம் தைராக்சின் உருவாகியிருந்தது! தைராய்டுக்குச் சற்றும் தொடர்பில்லாத புரதம் அது. அப்படியானால் அயோடினும் டைரோசினும் நிறைந்த எந்தப் புரதத்திலும் ஹார்மோன் பிறக்கலாம். ஆனால் கிடைத்த அளவு அற்பம். தைரோகுளோபுலினோ அயோடின் குறைவாகக் கிடைக்கும்போதும் அதை வீணாக்காமல் ஹார்மோனாக்குகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வேதியியலில் இல்லையென்றால் வடிவத்தில்தான் இருக்க வேண்டும். இந்த முடிவுக்கு வர 1939இன் சோதனையே போதுமானதாக இருந்தது. வடிவத்தைக் கண்ணால் பார்க்கும் கருவிதான் அன்று இல்லை.

கட்டி எழுப்பப்படும் விதம்

தைராய்டு சுரப்பி குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயைத் தழுவியபடி இருக்கிறது. பெரியவர்களுக்கு அதன் எடை 15 முதல் 25 கிராம். நுண்ணோக்கியில் பார்த்தால் அது எண்ணற்ற நுண்ணறைகளின் தொகுப்பு. ஒவ்வொரு நுண்ணறையைச் சுற்றிலும் ஒற்றை அடுக்காகச் செல்கள். நடுவே கெட்டியான கூழ். அந்தக் கூழின் பெரும்பகுதி தைரோகுளோபுலின்தான்.

தைரோகுளோபுலினுக்கான மரபணு மனிதரில் எட்டாவது குரோமோசோமில் உள்ளது. அது 48 துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. பசுவின் தைரோகுளோபுலின் வரிசை 1985இலும் மனிதருடையது 1987இலும் முழுமையாக வாசிக்கப்பட்டன. மனிதப் புரதத்தின் ஒரு சங்கிலியில் 2,768 அமினோ அமிலங்கள். முதல் 19 அமிலங்கள் வழிகாட்டும் முத்திரை. புரதம் சரியான அறைக்குள் நுழைந்ததும் அவை வெட்டி எறியப்படுகின்றன. பழைய நூல்களில் ஓர் இடத்தை 5 என்றும் புதிய கட்டுரைகளில் அதையே 24 என்றும் குறிப்பிடுவது இந்த 19இனால் வரும் வேறுபாடு. இங்கே புதிய எண்களே பயன்படுத்தப்படுகின்றன.

சங்கிலி செல்லின் எண்டோபிளாச வலைக்குள் இறங்கியதும் மடியத் தொடங்குகிறது. மடிப்பது எளிய வேலையல்ல. ஒரு சங்கிலியில் 122 சிஸ்டீன்கள் உள்ளன. கந்தகம் தாங்கிய இந்த அமினோ அமிலங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பாலம் அமைக்க வேண்டும். அறுபது பாலங்கள் வரை அமைய இடமுண்டு. எந்தச் சிஸ்டீன் எதனோடு சேர வேண்டும் என்பதில் தவறு நேர்ந்தால் முழு வடிவமும் குலையும். ஆகவே மடிப்புக்கு உதவும் துணைப் புரதங்கள் பல தைரோகுளோபுலினைச் சூழ்ந்து நிற்கின்றன: தவறான பாலத்தைப் பிரித்து மீண்டும் கட்டுபவை, பாதி மடிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பார்த்துக்கொள்பவை, முழுதாக மடியாததை வெளியே விடாமல் நிறுத்திவைப்பவை. இதற்கிடையில் சர்க்கரைக் கிளைகளும் ஒட்டப்படுகின்றன. புரதத்தின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை.

மடிந்த சங்கிலிகள் தனித்து நிற்பதில்லை. இரண்டு இரண்டாக இணைந்த பிறகே கோல்கி உறுப்பு வழியாக நுண்ணறைக்குப் புறப்படுகின்றன. சங்கிலியின் கடைசி ஐந்தில் ஒரு பகுதி இந்த இணைப்பில் முதன்மையான பங்கு வகிக்கிறது. அந்தப் பகுதி நரம்பு முனைகளில் வேலை செய்யும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அப்படியே ஒத்திருக்கிறது. நொதிக்குரிய வேலை அதனிடம் இப்போது இல்லை. வினைபுரியும் இடத்தின் அமினோ அமிலங்கள் மாறிவிட்டன. வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இரு சங்கிலிகளைப் பிணைப்பதற்கும் மற்றப் பகுதிகள் ஒழுங்காக மடிவதற்கும் உதவுகிறது. பரிணாமம் ஒரு பழைய நொதியை எடுத்து வேறொரு வேலைக்கு வைத்துக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. லாம்பிரே எனப்படும் தாடையற்ற மீன் தொடங்கி மனிதர் வரை எல்லா முதுகெலும்பிகளிடமும் தைரோகுளோபுலின் உள்ளது. அவற்றின் நெருங்கிய உறவான ஆம்பியாக்சஸிடம் இல்லை.

செல்லுக்கு வெளியே நடக்கும் வேதிவினை

புரதம் தயாராகும் அதே வேளையில் மறுபக்கம் அயோடின் திரட்டப்படுகிறது. உணவில் வரும் அயோடின் இரத்தத்தில் அயோடைடாக, மிகச் சிறிய அளவில் ஓடுகிறது. அதை இரத்தத்தில் உள்ளதைவிட 20 முதல் 40 மடங்கு வரை செறிவாகச் செல்லுக்குள் இழுப்பது சோடியம்-அயோடைடு கடத்தி என்ற புரதம். செல்லின் சவ்வில் பதிந்து நிற்கும் இது, இரண்டு சோடியம் அயனிகள் உள்ளே பாயும் விசையைக் கொண்டு ஓர் அயோடைடை உடன் அழைத்து வருகிறது. நியூயார்க்கில் நான்சி கராஸ்கோவின் குழு 1996இல் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. தைராய்டுப் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கும், 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின் பாலில் கலந்த அயோடின்-131 குழந்தைகளின் கழுத்தில் போய்ச் சேர்ந்ததற்கும் இந்த ஒரே வாயில்தான் காரணம். கடத்திக்கு நல்ல அயோடின் எது, கதிரியக்க அயோடின் எது என்று தெரியாது.

செல்லைக் கடந்து மறுபக்கம் வரும் அயோடைடு, பென்ட்ரின் முதலிய கடத்திகளின் வழியே நுண்ணறைக்குள் இறங்குகிறது. பென்ட்ரினில் பிறவிக் குறை உள்ளவர்களுக்குச் செவிட்டுத்தன்மையும் கழலையும் சேர்ந்தே வருவதை ஆங்கிலேய மருத்துவர் வாகன் பென்ட்ரெட் 1896இலேயே பதிவு செய்தார். உட்காதின் திரவத்துக்கும் அதே புரதம் தேவை என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

அயோடைடு அந்த நிலையில் டைரோசினோடு சேராது. அதை ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். அதைத் தயாரிக்கச் செல்லின் நுண்ணறைப் பக்கச் சவ்வில் டூயாக்ஸ் என்ற நொதி நிற்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லுக்குள் இருந்தால் மரபணுவையும் கொழுப்பையும் பாழாக்கிவிடும். எனவே இந்த ஆபத்தான வினை செல்லின் வெளிப்பரப்பில், கூழை ஒட்டிய விளிம்பில் நடத்தப்படுகிறது. நடத்துவது தைராய்டு பெராக்சிடேஸ். 933 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த நொதி ஒரு காலைச் சவ்வில் ஊன்றி, இரும்பு தாங்கிய ஹீமை நுண்ணறைப் பக்கம் நீட்டியபடி நிற்கிறது.

பெராக்சிடேஸ் இரண்டு வேலைகள் செய்கிறது. முதலாவது, தைரோகுளோபுலினில் எட்டுகிற டைரோசின்களின் வளையத்தில் அயோடினை ஏற்றுவது. ஓர் அயோடின் ஏறினால் மோனோஅயோடோடைரோசின். இரண்டு ஏறினால் டைஅயோடோடைரோசின். இரண்டாவது வேலை இணைத்தல். அருகருகே இருக்கும் இரு டைஅயோடோடைரோசின்களில் ஒன்று தன் வளையத்தை மற்றொன்றுக்கு விட்டுக்கொடுக்கிறது. கொடுப்பதைக் கொடையாளி என்றும் வாங்குவதை ஏற்பி என்றும் சொல்லலாம். ஏற்பியின் இடத்தில் இப்போது புரதச் சங்கிலியோடு ஒட்டிய நிலையிலேயே தைராக்சின் உட்கார்ந்திருக்கிறது. கொடையாளியின் இடத்தில் வளையத்தை இழந்த டீஹைட்ரோஅலனின் என்ற எச்சம் மிஞ்சுகிறது. கொடுப்பது ஒற்றை அயோடின் கொண்டதாக இருந்தால் பிறப்பது டி3.

முதல் வேலைக்குப் புரதத்தின் வடிவம் அவ்வளவு முக்கியமில்லை. இரண்டாவது வேலைக்கு அதுவே எல்லாம்.

66இல் நான்கு

மனிதத் தைரோகுளோபுலினின் ஒரு சங்கிலியில் 66 டைரோசின்கள். அவற்றில் அயோடின் ஏறுபவை ஒரு பகுதி. ஹார்மோனாக மாறுபவை அதிலும் சில. நான்கு ஏற்பி இடங்கள் 1980களிலும் 90களிலும் நடந்த பொறுமையான ஆய்வுகளில் வெளிப்பட்டன: 24, 1310, 2573, 2766. இவற்றில் 24ஆம் இடமே தைராக்சினின் முதன்மைப் பிறப்பிடம். ஆனால் வளையத்தைக் கொடுப்பவை எவை என்பதில் குழப்பம் நீடித்தது. சங்கிலி வரிசையை எத்தனை முறை வாசித்தாலும் எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாது. மடிந்த பிறகு கிடைக்கும் வடிவம் வேண்டும்.

அந்த வடிவத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் பார்க்கும் வழக்கமான முறைக்குத் தைரோகுளோபுலின் ஒத்துவரவில்லை. அது மிகப் பெரியது. பல பகுதிகள் அசைந்துகொண்டே இருப்பவை. சர்க்கரைக் கிளைகள் வேறு. கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி முறை வளர்ந்தபின்தான் வழி திறந்தது. புரதக் கரைசலை நொடிப்பொழுதில் உறையவைத்து, பல்லாயிரக்கணக்கான தனி மூலக்கூறுகளின் மங்கலான படங்களைச் சேர்த்து முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் கட்டி எழுப்பும் முறை அது. அதை உருவாக்கியதற்காக ஷாக் துபோஷே, யோவாகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் மூவருக்கும் 2017இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெண்டர்சன் பணியாற்றிய அதே கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பிரான்செஸ்கா கோஷாவும் யான் லோவேயும், ஸ்லோவேனியாவின் லூப்லியானாவில் துஷான் துர்க்கின் குழுவும் சேர்ந்து மனிதத் தைரோகுளோபுலினின் முழு வடிவத்தை 2020 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். துல்லியம் ஏறத்தாழ 3.5 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் பெரும்பாலான அமினோ அமிலங்களின் இருப்பிடத்தைச் சொல்லிவிடலாம்.

தெரிந்தது என்ன? இரு சங்கிலிகளும் ஒன்றையொன்று பற்றிப் பின்னி, சுமார் 25 நானோமீட்டர் நீளமுள்ள ஒரு கூட்டை அமைக்கின்றன. 24ஆம் டைரோசினுக்கு வளையம் கொடுக்கக்கூடிய 149ஆம் டைரோசின் மடிப்பில் அதன் அருகே வந்து நிற்கிறது. 2573க்கு அண்டையில் 2540. மிகவும் வியக்கவைப்பது 1310ஆம் இடம். அதன் இணை 108. சங்கிலி வரிசையில் இவ்விரண்டுக்கும் இடையே ஆயிரத்து இருநூறு அமினோ அமிலங்கள் உள்ளன. மடிந்த வடிவத்திலோ இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில். 2766இன் கதை வேறு. அது சங்கிலியின் இறுதி முனையில், கடைசிக்கு இரண்டு இடம் முன்னால் இருக்கிறது. அதற்கு இணை அதே சங்கிலியில் இல்லை. எதிர்ச் சங்கிலியின் 2766தான். இரு சங்கிலிகள் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதற்கு இந்த இடமே ஒரு காரணம்.

வெறும் படத்தைப் பார்த்து முடிவு சொல்லி அவர்கள் நிறுத்தவில்லை. வளர்ப்புச் செல்களில் மனிதத் தைரோகுளோபுலினைத் தயாரித்து, சந்தேகப்பட்ட டைரோசின்களை ஒவ்வொன்றாக வேறு அமினோ அமிலமாக மாற்றி, கண்ணாடிக் குழாயில் அயோடின் ஏற்றி, கிடைக்கும் ஹார்மோனின் அளவு குறைகிறதா என்று பார்த்தார்கள். படம் சொன்னதைச் சோதனை உறுதி செய்தது.

நான்கு இடங்களுக்கும் பொதுவான பண்புகள் மூன்று. கொடையாளியும் ஏற்பியும் நெருங்கி இருக்க வேண்டும். அவை இறுகிக் கட்டப்படாமல் அசைய முடிந்த பகுதியில் இருக்க வேண்டும். அப்போதுதான் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியான கோணத்தில் படியும். நீர் தொடும் வெளிப்பரப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெராக்சிடேஸ் அவற்றை எட்டாது. புரதத்தின் நடுவில் புதைந்த டைரோசின் எத்தனை நெருக்கமான இணையோடு இருந்தாலும் பயனில்லை. வெளிப்பரப்பில் தனியாக நிற்பதில் அயோடின் ஏறும், ஹார்மோன் பிறக்காது. அசையாத பகுதியில் இருப்பதும் அப்படியே. 66இல் 62 டைரோசின்கள் ஏற்பியாக முடியாமல் போவது இதனால்தான்.

இந்த விளக்கம் சரியானால் வேறொரு புரதத்திலும் இதைச் செய்துகாட்ட முடிய வேண்டும். ஆய்வாளர்கள் ஈ.கோலை பாக்டீரியாவின் மால்டோஸ்-பிணைப்புப் புரதத்தை எடுத்தார்கள். தைராய்டுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. பாக்டீரியாவுக்குத் தைராய்டே கிடையாது. அதில் இந்த மூன்று பண்புகளும் பொருந்துமாறு ஒரு ஜோடி டைரோசின்களை அமைத்து அயோடின் ஏற்றினார்கள். தைரோகுளோபுலினுக்கு ஈடான திறனோடு அதில் தைராக்சின் பிறந்தது. 1939இல் பால் புரதம் எழுப்பிய கேள்விக்கு எண்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை இது. புரத வடிவவியலில் அண்மைக்காலத்தில் நடந்த மிக அழகான சோதனைகளில் இதற்கும் இடம் உண்டு.

அப்படியென்றால் ஒரு ஜோடி டைரோசின்களே போதுமே, 2,768 அமினோ அமிலங்கள் எதற்கு என்று மீண்டும் கேட்கலாம். ஹார்மோனை உருவாக்குவது தைரோகுளோபுலினின் வேலைகளில் ஒன்று மட்டுமே. மற்றொன்று சேமிப்பு.

கூழில் இருக்கும் கையிருப்பு

நிலத்தில் வாழும் உயிர்களுக்கு அயோடின் எப்போதும் கிடைப்பதில்லை. மழையும் பனியாறும் அதை மண்ணிலிருந்து அரித்துக் கடலுக்குக் கொண்டுபோய்விடுகின்றன. கிடைக்கும் நாளில் பிடித்துவைத்துக் கிடைக்காத நாளில் செலவிட வேண்டும். அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டிவைப்பது போலத் தைராய்டு, ஹார்மோனையும் அயோடினையும் தைரோகுளோபுலினுக்குள் வைத்து நுண்ணறையில் தேக்குகிறது. உடலில் உள்ள 15 முதல் 20 மில்லிகிராம் அயோடினில் பெரும்பகுதி இந்தச் சுரப்பியில்தான். கூழில் தைரோகுளோபுலின் ஒரு மில்லிலிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் என்ற அளவில் அடர்ந்திருக்கிறது. பல புரதங்கள் இவ்வளவு செறிவில் நிலைத்திருக்க மாட்டா. கந்தகப் பாலங்களும் சர்க்கரைக் கிளைகளும் தைரோகுளோபுலினுக்கு அந்த உறுதியைத் தருகின்றன. ஹார்மோனாக மாறாத டைரோசின்களில் ஏறிய அயோடினும் வீணல்ல, அதுவும் கையிருப்பே.

புதிதாக அயோடின் எதுவும் வராவிட்டாலும் இந்தச் சேமிப்பு இரண்டு மூன்று மாதங்களுக்குத் தாங்கும். மருத்துவத்தில் இதன் விளைவு நேரடியாகத் தெரியும். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு கார்பிமசோல் மாத்திரை தரப்படுகிறது. அது பெராக்சிடேஸின் வேலையைத் தடுக்கிறது. ஏற்கெனவே உருவாகித் தேங்கிய ஹார்மோனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மாத்திரை தொடங்கிப் பல வாரங்கள் கழித்தே படபடப்பு அடங்குவது இதனால். மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி இடையில் நிறுத்திவிடுவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

தேவை வரும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்புகிறது. தைராய்டுச் செல்கள் நுண்ணறைக் கூழைத் துளித்துளியாக உள்ளே விழுங்கி லைசோசோம்களோடு சேர்க்கின்றன. அங்கே கதெப்சின் வகை நொதிகள் தைரோகுளோபுலினை வெட்டுகின்றன. முதன்மையான ஏற்பி இடங்கள் சங்கிலியின் இரு முனைகளில், வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இங்கே இன்னொரு வகையில் கைகொடுக்கிறது: நொதிகள் முதலில் எட்டுவது அந்த முனைகளைத்தான். விடுபட்ட ஹார்மோன் கடத்திகள் வழியே இரத்தத்துக்குப் போகிறது. நாளொன்றுக்கு வெளிவரும் தைராக்சின் ஏறக்குறைய 80 முதல் 100 மைக்ரோகிராம். டி3 அதில் சிறு பகுதியே. உடலுக்குத் தேவையான டி3இன் பெரும்பகுதி, கல்லீரல் முதலிய உறுப்புகளில் தைராக்சினின் ஓர் அயோடினைக் கழற்றி உருவாக்கப்படுகிறது. அந்தக் கழற்றலைச் செய்யும் நொதிகளுக்குச் செலினியம் வேண்டும்.

ஹார்மோனாகாத மோனோ, டைஅயோடோடைரோசின்கள் இரத்தத்துக்கு விடப்படுவதில்லை. அவற்றின் அயோடினை வேறொரு நொதி செல்லுக்குள்ளேயே பிரித்தெடுக்க, அது மீண்டும் புதிய தைரோகுளோபுலினில் ஏறுகிறது. அந்த நொதி பிறவியிலேயே பழுதானவர்களுக்குச் சிறுநீரில் அயோடின் ஒழுகிப் போய்க் கழலை வருகிறது.

வடிவம் குலைந்தால்

ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் இந்த ஏற்பாடு சரிந்துவிடலாம். ‘காக்’ என்று பெயரிடப்பட்ட எலி இனத்தில் 2263ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் வந்திருக்கிறது. அது நொதியை ஒத்த அந்தக் கடைசிப் பகுதியில் உள்ள இடம். ஹார்மோன் பிறக்கும் நான்கு டைரோசின்களில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. ஆயினும் புரதம் சரியாக மடிவதில்லை. எண்டோபிளாச வலையிலேயே சிக்கித் தேங்குகிறது. நுண்ணறைக்குப் போய்ச் சேர்வது சொற்பம். ஹார்மோன் குறைந்ததைக் கண்ட பிட்யூட்டரி டி.எஸ்.எச். அளவைக் கூட்ட, சுரப்பி பருத்துக்கொண்டே போகிறது. ஹார்மோன் மட்டும் கூடுவதில்லை. மனிதரிலும் தைரோகுளோபுலின் மரபணுவின் பல மாற்றங்கள் இதே வழியில் பிறவித் தைராய்டுக் குறையையும் கழலையையும் உண்டாக்குகின்றன.

உடலின் எதிர்ப்புச் சக்திக்கும் தைரோகுளோபுலின் இலக்காகலாம். ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோடோ 1912இல் விவரித்த தைராய்டு அழற்சியில், நோயாளியின் இரத்தத்திலேயே தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதை லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் ஆகியோர் 1956இல் காட்டினார்கள். உடல் தன் சொந்த உறுப்பையே தாக்கும் நோய்கள் உண்டு என்ற கருத்து வேரூன்ற அது உதவியது. இன்று பெராக்சிடேஸுக்கு எதிரான எதிர்ப்பொருளும் சேர்த்து அளக்கப்படுகிறது. புற்றுநோய்க்காகத் தைராய்டை முழுவதும் அகற்றியவர்களிடம் தைரோகுளோபுலின் அளவு நோயின் நிலையைச் சொல்லும் அளவுகோல். அது வேறெங்கும் தயாராவதில்லை. ஆகவே இரத்தத்தில் மீண்டும் ஏறினால் தைராய்டுச் செல்கள் எங்கோ மிஞ்சியிருக்கின்றன என்று பொருள்.

புரதம் நலமாக இருந்தும் அயோடின் இல்லாவிட்டால் அதே கழலைதான். இமயமலை அடிவாரத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் வி. ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் அந்நோய் குறையும் என்று நிறுவியது. தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1962இல் அதன்மேல் எழுந்தது. தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து கடைக்கு வரும் உப்பிலும் இன்று பொட்டாசியம் அயோடேட் சேர்க்கப்பட வேண்டும். வாங்குவோர் கையில் சேரும்போது பத்து லட்சத்தில் 15 பங்கு அயோடினாவது இருக்க வேண்டும் என்பது விதி. பெரியவர்களின் அன்றாடத் தேவை 150 மைக்ரோகிராம், கருவுற்றவர்களுக்கு 250. கருவில் முதல் மாதங்களில் குழந்தைக்குத் தன் தைராய்டு இயங்காது. தாயின் தைராக்சினே அதற்கும் ஆதாரம்.

தைராய்டுக் குறையோடு பிறக்கும் குழந்தை உலகளவில் 2,000 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒன்று. இந்தியாவில் இதைவிட அதிகம். பெரும்பாலோருக்குச் சுரப்பியே சரியாக உருவாகியிருக்காது. மற்றவர்களில் தைரோகுளோபுலின், பெராக்சிடேஸ், டூயாக்ஸ் என்று இங்கே சொல்லப்பட்ட புரதங்களில் ஏதோ ஒன்று பழுது. பிறந்தபோது பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூளை வளர்ச்சி தடைபட்ட பிறகே தெரியும், அப்போது மீட்க முடியாது. குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் டி.எஸ்.எச். அளந்தால் போதும், முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கத் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் இயல்பாக வளர்கிறார்கள். பிறந்த குழந்தையோடு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன், இந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று ஒவ்வொரு பெற்றோரும் கேட்க வேண்டும். செய்யவில்லை என்றால் செய்யச் சொல்ல வேண்டும்.